மூன்றாம் பைப்பில் கறுத்த தண்ணீர்

அனுப்புபவர்:
திருமதி இன்னாசிப்பிள்ளை அனஸ்தாசியா,
கண்டல் பட்டை, கயிறு வியாபாரம்,
களப்பு வீதி, சிப்பித்துறை,
கற்பிட்டிக் குடாநாடு.

பெறுபவர்:
கனம் பொருந்திய உதவி ஏஜண்டுத் துரை அவர்கள்,
கச்சேரி, புத்தளம்.

விடயம்: எனது கிணற்றை இம்மாதம் 20ஆம் திகதி மணல் கொட்டி மூடும்படி சிப்பித்துறை சுகாதார சபை அனுப்பிய கட்டளையை நிறுத்துதல் பற்றியும், தரவைக்கு ஊடாகப் போட்ட குடிநீர்ப் பைப்பையும் கழிவுப் பைப்பையும் தோண்டிப் பார்த்தல் பற்றியும்.

மதிப்புக்குரிய துரை அவர்களே,

1. சபைச் செயலாளர் கையொப்பமிட்ட கட்டளை 4ஆம் திகதி சனிக்கிழமை எனக்குக் கிடைத்தது. எங்கள் ஊரில் பத்தொன்பது பேருக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டதற்கும் அதில் மூன்று பேர் இறந்ததற்கும் என் கிணறே காரணம் என்றும், அது பட்டை வாடிக்குப் பக்கத்தில் இருப்பதால் அசுத்தம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. எழுதியவர் செயலாளர். சொல்லி எழுதுவித்தவர் சபையின் இஞ்சினியர் திரு. அல்பிரட் அவர்கள். இரண்டு வண்டி மணலும் என் வேலிப் படலைக்கு முன்னால் கொட்டிக் கிடக்கிறது. என் பதிலைக் கேட்க முன்னமே மணல் வந்துவிட்டது என்பதைத் துரை அவர்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

2. என் புருஷன் கடலோடு போன வருடம் தொடக்கம், பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் வியாபாரம் செய்கிறேன். தலைச்சுமையாகப் பட்டை விற்றுத் தொடங்கினேன். இன்றைக்குக் குடாநாட்டின் பாதி வலைக்கு என் வாடியில்தான் சாயம் போடுகிறார்கள். கண்டல் மரப் பட்டையை இடித்து, செப்புக் கிடாரத்தில் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்து எடுத்தால் நூல் உப்புத் தண்ணீரில் உக்காது. இதை நான் எழுதுவது பெருமைக்கு அல்ல. எந்தப் பொருளை எந்தத் தண்ணீரும் எந்த மண்ணும் என்ன செய்யும் என்று தெரியாதவர் இந்தத் தொழிலில் ஒரு மாரிக்கு மேல் நிற்கமாட்டார். இஞ்சினியர் அவர்கள் மூன்று வருடமாக நிற்கிறார், அரசாங்கச் சம்பளத்தில்.

3. இந்தத் திட்டம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். கடற்கரைப் பக்கத்து மணல் திட்டியில் கிணறு வெட்டி, எண்ணெய் எஞ்சினால் தண்ணீரை இறைத்து, உயரத்தில் ஒரு இரும்புத் தாங்கியில் ஏற்றி, அங்கிருந்து இரும்புப் பைப்பு வழியாகக் களப்புப் பக்கத்துக் கடைவீதிக்குக் கொண்டுவருவது. தெருவில் ஆறு இடத்தில் தண்ணீர் பிடிக்கிற பைப்படி. கடைவீதியிலும் மருந்துச்சாலையிலும் சேரும் கழிவுத் தண்ணீரைச் சுட்ட மண் பைப்பு வழியாகத் திருப்பிக் கொண்டுபோய், தரவையின் மேற்கு ஓரத்தில் மூன்று அறைத் தொட்டியில் விட்டுக் கல்லடுக்கில் வடித்துத் தெளியவைப்பது. யோசனை நல்லது. அதை நான் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை.

4. கடற்கரைத் திட்டிக்கும் கடைவீதிக்கும் நடுவே இருநூறு யார் அகலத்துக்கு உப்புச் சேற்றுத் தரவை கிடக்கிறது. மாரியில் களப்பு ஏறி நிற்கும், கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும், மிதித்தால் கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். அந்தச் சேற்றில் எங்கள் ஆட்கள் நங்கூரத்தைக்கூடப் போட்டு வைப்பதில்லை. வேலிக்கு ஆணி அடிப்பதில்லை, கயிற்றால் கட்டுகிறார்கள். எந்த இரும்பு எத்தனை நாள் நிற்கும் என்று கண்டறிய இஞ்சினியர் அவர்கள் 1934 நவம்பரில் ஒரு பரிசோதனை செய்தார். பைப்புத் துண்டு எட்டை மண்ணில் புதைத்து, பதினாலு மாதம் கழித்துக் கிளறி எடுத்து நிறுத்துப் பார்த்தார். துரு இல்லை என்று அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை கச்சேரிப் பத்திரங்களில் இருக்கும். புதைத்த இடம் எது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று தயவுசெய்து பார்க்க வேண்டும். அவர் புதைத்தது உத்தியோகத்தர்கள் தங்கும் வாடிவீட்டுப் பூந்தோட்டத்தில். அவர் தங்கியிருந்ததும் அங்கேதான்.

5. நான் அப்போது வாடிவீட்டுக்குக் கயிறு கொடுக்கப் போயிருந்தேன். பைப்பு போகப் போவது தரவையில், புதைப்பது நன்னீர் மணலில், இதென்ன கணக்கு ஐயா என்று கேட்டேன். அவர் கதிரையை விட்டு எழும்பாமலே, மண் எல்லாம் மண்தானே அம்மா, நீங்கள் பட்டையைப் பாருங்கள், நான் பைப்பைப் பார்க்கிறேன் என்றார். தோட்டக்காரன் அந்தத் துண்டுகளுக்கு மேலேதான் ஒவ்வொரு நாளும் வாளியால் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான், செவ்வரத்தைக்கு.

6. 1936 தொடக்கத்தில் பைப்பு போட்டார்கள். கிடங்கு வெட்டும் கூலியை மிச்சம் பிடிக்கக் குடிநீர்ப் பைப்பையும் கழிவுப் பைப்பையும் ஒரே கிடங்கில் போட்டார்கள், மேலே கழிவு, கீழே குடிநீர். கழிவுப் பைப்பின் மூட்டுகளுக்குப் போட்ட சீமெந்துக்கு மணல் எடுத்தது களப்புக் கரையில். உப்பு மணலில் குழைத்த சாந்து வேர்க்கும், பிறகு உதிரும். இதை எங்கள் ஊர்க் கொத்தனாரில் எவரைக் கேட்டாலும் சொல்வார். நான் கிடங்கின் கரையில் நின்று சொன்னேன். ஊர்த் தலைமைக்காரரான விதானையாரும் கேட்டுக்கொண்டு நின்றார். இந்தப் பொம்பிளைக்கு வேறு வேலை இல்லையா என்று இஞ்சினியர் அவர்கள் அவரிடம் கேட்டார். விதானையார் சிரித்தார். அவர் சிரித்ததை நான் மன்னித்துவிட்டேன், அவருடைய தங்கையும் காய்ச்சலில் படுத்து எழும்பியவர்.

7. எஞ்சின் காலை ஆறு மணி தொடக்கம் ஒன்பது மட்டும், பின்னேரம் மூன்று தொடக்கம் ஐந்து மட்டும் ஓடும். மற்ற நேரம் தாங்கியின் வாயை அடைத்துவிடுவார்கள். பைப்பு வெறுமையாகக் கிடக்கும். ஓட்டை விழுந்த வெறும் பைப்பு தண்ணீரில் கிடந்தால் பக்கத்தில் உள்ளதை உறிஞ்சும். பைப்படியில் காது வைத்துக் கேட்டால் உறிஞ்சுகிற சத்தம் கேட்கும், பிள்ளைகள் அதைக் கேட்டு விளையாடினார்கள்.

8. முதல் அடையாளம் காட்டியது தேநீர். நாலாம் பைப்படியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஜபார் அவர்களின் தேநீர் இந்த வருடம் வைகாசி தொடக்கம் கறுக்கத் தொடங்கியது. ஜபார் காக்கா தேயிலைக்குப் பதிலாகக் கரி போடுகிறார் என்று கடைவீதி முழுக்கப் பகிடி. பாவம், அவர் மூன்று தரம் தேயிலையை மாற்றினார், கேத்தலையும் மாற்றினார். இரும்பு கரைந்த தண்ணீரில் தேயிலைச் சாயம் போட்டால் கறுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பைப்பு தேய்கிறது, தேயட்டும், பணம் சபையுடையது என்று நினைத்தேன். தண்ணீர் வெளியே போகிற ஓட்டையால் வெளியே உள்ளது உள்ளே வரும் என்று யோசிக்கவில்லை.

9. ஆனியில் காய்ச்சல் தொடங்கியது. ஆடி 11ஆம் திகதி என் பக்கத்து வளவு ஜெய்னம்புவின் மகள் ரம்ஸியா அந்தக் காய்ச்சலில் மௌத்தானாள். வயது ஒன்பது. அந்தப் பிள்ளை முந்தி என் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தது. பைப்புத் தண்ணீர் சுத்தமானது என்று சபை பறை அடித்து அறிவித்த கிழமை, இனிமேல் வாளி இழுத்து ஏன் கை நோகவேண்டும், பைப்பில் பிடி பிள்ளை என்று நானே அவளுக்குச் சொன்னேன். துரை அவர்களுக்கு எழுதும் மனுவில் இது தேவையில்லாத சங்கதி என்று சிலர் சொன்னார்கள். இதை மறைத்துவிட்டு மற்றவர் மறைத்ததைப் பற்றி எழுத எனக்கு வாய் வரவில்லை.

10. இப்போது நான் செய்த குற்றம். தலவில்லு அன்னம்மாள் பெருநாளுக்குப் போனவர்கள் திரும்பி வந்ததும் எல்லா வலைக்கும் ஒரே கிழமையில் சாயம் போடக் கேட்பார்கள். ஆகஸ்து 12ஆம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் ஐந்தரை மணிக்கு, மூன்று தரம் கொதித்துச் சத்துப் போன சாறு நாலு மரப் பீப்பா என் வாடியில் மிச்சம் கிடந்தது. வழக்கமாக அதைக் களப்புக் கரையில் ஊற்றுவோம். அன்று கரைப்பாதை முழுக்கப் பெருநாள் வண்டிகள் நின்றன. ஆகையால் நானும் என் ஆள் நிக்கொலசும் அதை மண் பைப்பில் போய்ச் சேருகிற கடைவீதிக் கழிவுக் கானுக்குள் ஊற்றினோம். கானுக்குள் பட்டைச் சாறு ஊற்றக்கூடாது என்று சபைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அதை மீறினேன். அபராதம் போட்டால் கட்டுவேன், இதில் எதிர்க்கதை இல்லை.

11. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பைப்பு திறந்தார்கள். ஜெய்னம்பு ஒரு வெள்ளைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு என் படலைக்கு வந்தாள். அந்தத் துணி ரம்ஸியா தொழுகைக்குப் போடுவது, மகள் போன பிறகு அன்றைக்குத்தான் அலுமாரியால் எடுத்துத் தோய்த்திருக்கிறாள். அக்கா, இதென்ன தண்ணி, பைப்பில மையா வருது என்று கேட்டாள். துணி கறுத்து நீலம் பாரித்திருந்தது. நான் தொட்டேன், மணந்தேன், நாக்கில் வைத்தேன். என் சொந்தப் பட்டை. பத்தொன்பது வருடமாகக் கை முழுக்க மணக்கிற சாமானை எனக்குத் தெரியாதா?

12. துரை அவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். பட்டைச் சாறு சிவப்பு. செப்பில் கொதித்தால் சிவப்பாகவே இருக்கும். இரும்பில் பட்டால் மை போலக் கறுக்கும். இதனால்தான் வலைச் சாயத்துக்கு எவரும் இரும்புப் பாத்திரம் வைப்பதில்லை. நான் தொழில் தொடங்கின வருடம் செப்புக் கிடாரம் வாங்க வழியில்லாமல் ஒரு இரும்புப் பீப்பாவில் கொதிக்க வைத்து, பஸ்தியான் சம்மாட்டியின் புது வலை முழுவதையும் கரிக்கட்டையாக்கி, மாரி முழுக்க அவருடைய வாடியில் சம்பளமில்லாமல் மீன் காயவைத்து அந்த நட்டத்தைத் தீர்த்தவள். அந்தப் பாடம் எனக்கு மறக்காது. ஆகவே வெள்ளிக்கிழமை காலை ஜெய்னம்புவின் துணியில் நான் கண்டது இதுதான்: வியாழன் பின்னேரம் கழிவுக் கானில் நான் ஊற்றிய சாறு, மண் பைப்பால் கசிந்து, கிடங்கில் இறங்கி, ஓட்டை விழுந்த இரும்புப் பைப்புக்குள் புகுந்து, அந்த இரும்பில் கறுத்து, குடிக்கிற தண்ணீராக வெளியே வந்திருக்கிறது. சாறு போன வழியால்தான் மருந்துச்சாலைக் கழிவும் இத்தனை நாளும் போயிருக்கிறது. சாற்றுக்கு நிறம் இருந்தது, அதனால் எங்கள் கண்ணில் பட்டது.

13. நான் உடனே பைப்படிக்குப் பைப்படி நடந்தேன். முதலாம் பைப்பில் தெளிவு. இரண்டாம் பைப்பில் தெளிவு. அது தரவைக்கு மேற்குக் கரை. மூன்றாம் பைப்பு, தரவை தாண்டி முதல் வருவது, கறுப்பு. நாலு, ஐந்து, ஆறு எல்லாம் கறுப்பு. எஞ்சின் ஓட்டுகிற மீராசாஹிப் அவர்களைத் தாங்கிக்குள் பார்க்கச் சொன்னேன். மேலே கண்ணாடி மாதிரிக் கிடக்கு தங்கச்சி, கீழே போய் என்ன ஆகுதெண்டு எனக்குத் தெரியா என்று ஏணியில் நின்றே சொன்னார். பிறகு, காய்ச்சல் நின்றதும், காய்ச்சல் வீடுகளையும் எண்ணினேன். பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேர் மூன்றாம் பைப்பு தொடக்கம் ஆறாம் பைப்பு மட்டும் தண்ணீர் பிடிக்கிறவர்கள். பத்தொன்பதாவது ஆள் நிக்கொலஸ். அவன் என் கிணற்றடியில் வேலை செய்கிறவன் என்பதால் இஞ்சினியர் அவர்கள் அவனைத்தான் சாட்சியாக எழுதியிருக்கிறார். அவன் ஒரு நாளைக்கு ஐந்து தரம் தேத்தண்ணி குடிப்பது ஜபார் கடையில் என்று எழுதவில்லை. என் கிணற்றில் மட்டும் குடிக்கிற இருபத்திமூன்று வீட்டிலும் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

14. இஞ்சினியர் அவர்கள் அன்று ஒன்பது மணிக்கு வந்தார். முதலில் துரு என்றார். துரு என்றால் கோப்பையில் வைத்தால் அடியில் மண்டும், இது மண்டவில்லையே என்று ஜபார் கோப்பையை நீட்டினார். அதற்குப் பிறகு இஞ்சினியர் அவர்கள், இந்தப் பொம்பிளை தாங்கிக்குள் சாயம் ஊற்றியிருக்கிறாள் என்று விதானையாரிடம் சொன்னார். தாங்கி முப்பது அடி உயரம். அதன் பூட்டுத் திறப்பு ஒன்று அவருடைய இடுப்பில், மற்றது மீராசாஹிப் அவர்களிடம். எனக்கு வயது நாற்பத்தெட்டு, முழங்காலில் வாதம். நாலு பீப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு நான் ஏறியதாக அவர் சத்தியக் கடதாசி கொடுப்பாரா?

15. அன்று தொடக்கம் சனங்கள் பைப்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை. கறுப்புக்குப் பயந்து எல்லாரும் என் கிணற்றுக்கு வந்தார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் விடிய நாலு மணி தொடக்கம் வாளிக் கயிறு காயாமல் ஓடியது. ஆகஸ்து 27ஆம் திகதிக்குப் பிறகு புதிதாக ஒருவரும் படுக்கவில்லை. இது மருந்துச்சாலை அப்போதிக்கரி ஐயாவின் நோயாளர் புத்தகத்தில் இருக்கிறது. காய்ச்சல் நின்றது கல்லடுக்குத் தொட்டியைக் கழுவியதால் என்று இஞ்சினியர் அவர்கள் சபைக்கு எழுதியிருக்கிறார். இந்த வருடம் தொட்டிக்குக் கழிவு குறைவாக வருகிறது, இது சுத்திகரிப்பின் வெற்றி என்றும் எழுதியிருக்கிறார். கடைவீதியில் நாற்பது வாளி ஊற்றினால் தொட்டியில் இருபது வாளிதான் வந்து சேர்கிறது. மற்ற இருபது வாளி எங்கே போனது என்று படித்தவர் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த இருபது வாளியை நாங்கள் குடித்தோம்.

16. காய்ச்சல் நின்ற பிறகு கிணற்றை மூடுவது ஏன்? அடுத்த மாதம் கொழும்பிலிருந்து பெரிய உத்தியோகத்தர்கள் வந்து இந்தத் திட்டத்தைப் பார்வையிடப் போகிறார்கள். அந்த நேரம் பைப்படியில் குடம் பிடிக்க ஒரு பெண்ணாவது நிற்கவேண்டும். என் கிணறு திறந்திருக்கும் மட்டும் ஒருவரும் நிற்கமாட்டார்கள். வேறு காரணம் இருந்தால் அதை எனக்கு எழுத்தில் தரும்படி கேட்டேன், தரவில்லை.

17. என் தரப்புப் பரிசோதனையையும் சொல்லவேண்டும். 1936இல் பைப்பு போட்டு முடிந்ததும் சபை மிச்சத் துண்டுகளை ஏலம் போட்டது. கிடாரத்துக்கு வடிகுழாய் செய்யலாம் என்று இரண்டு துண்டு எடுத்தேன். ஒன்று என் வளவு மணலில் கிடந்தது. மற்றதைத் தரவையில் பட்டை ஊறப்போடும் இடத்தில் முளையாக அடித்தேன். பதினெட்டு மாதம் கழித்துப் போன கிழமை விதானையார் முன்னிலையில் இரண்டையும் எடுத்தோம். மணலில் கிடந்ததில் மேல் துரு மட்டும். தரவையில் கிடந்தது பார்வைக்குப் பைப்பு மாதிரித்தான் இருந்தது. நான் வலை பொத்துகிற மர ஊசியை எடுத்து அமத்தினேன். ஊசி ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்தது. பனை மர ஊசி, துரை அவர்களே. விதானையார் இந்த முறை சிரிக்கவில்லை.

18. ஆகவே நான் கேட்பது:

கிணற்றை மூடும் கட்டளையை 20ஆம் திகதிக்கு முன் நிறுத்தவேண்டும். துரை அவர்கள் நேரில் வந்தோ, இஞ்சினியர் அவர்களுக்குக் கீழே வேலை செய்யாத ஒருவரை அனுப்பியோ, இரண்டாம் பைப்புக்கும் மூன்றாம் பைப்புக்கும் நடுவே கிடங்கைத் தோண்டிப் பார்க்கவேண்டும். தோண்டுகிற கூலியை நான் கொடுக்கிறேன். என் கிணற்றுத் தண்ணீரையும் மூன்றாம் பைப்புத் தண்ணீரையும் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கவேண்டும். கிணறு கெட்டது என்று வந்தால் அன்றே மூடலாம். இனிமேல் போடும் பைப்பு எதுவானாலும் அது போகிற மண்ணிலேயே புதைத்துச் சோதிக்கவேண்டும், கழிவையும் குடிநீரையும் ஒரே கிடங்கில் படுக்க வைக்கக்கூடாது. எனக்கு நட்டஈடு ஒன்றும் வேண்டாம். ஜெய்னம்புவுக்கு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அதைச் சபை யோசிக்கட்டும்.

19. இந்த மனுவோடு ஒரு சாக்கில் இரண்டு பைப்புத் துண்டும் மர ஊசியும், விதானையார் அரக்கு முத்திரை வைத்த போத்தல் ஒன்றும் அனுப்புகிறேன். போத்தலில் உள்ளது இன்று காலை மூன்றாம் பைப்பில் பிடித்த தண்ணீர். இப்போது தெளிவாகத்தான் இருக்கிறது, சாறு கழுவுப்பட்டுப் போய்விட்டது. துரை அவர்கள் இஞ்சினியர் அவர்களைக் கந்தோருக்கு அழைத்து, முத்திரையை உடைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பை குடிக்கச் சொல்லுங்கள். அவர் குடித்தால் 20ஆம் திகதி சபை ஆட்கள் வரத் தேவையில்லை, என் படலையில் கிடக்கிற மணலை நானே அள்ளிக் கிணற்றை மூடுகிறேன்.

20. அவர் குடிக்கமாட்டார். ஆகஸ்து 14 தொடக்கம் ஒவ்வொரு நாள் காலையிலும் அவருக்குச் சமைக்கிற குசினிக்காரன் என் பின் வேலிப் பொட்டு வழியாக நுழைந்து வந்து இரண்டு குடம் அள்ளிக்கொண்டு போகிறான். இன்றைக்கும் வந்தான். தாகம் என்று வருகிறவனை நான் திருப்பி அனுப்புவதில்லை, 20ஆம் திகதி காலையிலும் அந்த இரண்டு குடமும் நிரம்பிய பிறகே மணல் இறங்கும். 21ஆம் திகதி அவர் எங்கே குடிப்பார் என்று துரை அவர்கள் கேட்டுச் சொல்லவேண்டும். நாங்களும் அங்கேயே போகிறோம்.

இடம்: சிப்பித்துறை
திகதி: 11.09.1937

தங்கள் மறுமொழிக்காகக் கிணற்றடியில் காத்திருக்கும்,
இ. அனஸ்தாசியா

சாட்சிக் கையொப்பம்: ஜபார், தேத்தண்ணிக் கடை, நாலாம் பைப்படி.
கைநாட்டு: ஜெய்னம்பு, களப்பு வீதி.